செல்லை உடைக்காமல் நொதியின் வேலையைப் பார்ப்பது எப்படி?

ஒரு செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட நொதி எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. செல்களை உடைத்து, புரதங்களைப் பிரித்து, அந்த நொதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை விட்டால் அளவு தெரிந்துவிடும். அந்த நொதி இந்த நிமிடம் வேலை செய்கிறதா, சும்மா இருக்கிறதா என்று கேட்டால்தான் சிக்கல். உயிரியலில் பெரும்பாலும் நமக்கு விடை வேண்டியது இந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

காஸ்பேஸ்-3 என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள முடிவெடுக்கும்போது உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்டிப்போடுவது இதுதான். நலமாக இருக்கும் செல்லிலும் இது உண்டு, ஆனால் செயலற்ற முன்வடிவமாகக் கிடக்கும். கைனேஸ் நொதிகளும் அப்படித்தான். மனித மரபணுத் தொகுதியில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உள்ளன. மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டவைத்து அவற்றின் நடத்தையை மாற்றுவது இவற்றின் வேலை. ஒரு ஹார்மோன் வந்து செல்லின் மேல் பட்டால் சில நொடிகளிலேயே ஒரு கைனேஸ் விழித்துக்கொள்ளும், சில நிமிடங்களில் அடங்கியும் விடும். இதற்கிடையில் அதன் அளவு துளியும் மாறியிருக்காது.

பழைய வழி இதுதான்: லட்சக்கணக்கான செல்களை வளர்த்து, செல்லைச் சாகத் தூண்டும் மருந்தைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தட்டு என்று உடைத்து, அந்தச் சாற்றில் நொதியின் செயலை அளப்பது. இப்படி அளந்தால் காஸ்பேஸ்-3 பல மணி நேரத்தில் மெதுவாக ஏறுவதாக வரைபடம் காட்டும். அளவீட்டில் தவறில்லை. ஆனால் அந்த வரைபடத்தைப் பார்த்து, ஒரு செல்லுக்குள்ளும் அது மெதுவாகத்தான் ஏறுகிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பொழுது சாயும்போது ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு வெவ்வேறு நேரத்தில் விளக்குப் போடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரு கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாகும், ஆனால் எந்த வீட்டிலும் விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக எரிவதில்லை. ஒரே ஒரு செல்லை, அது உயிரோடு இருக்கும்போதே, தொடர்ந்து பார்த்தால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும். அதற்குக் கிடைத்த கருவிதான் ஒளிரும் புரதங்களைக் கொண்டு செய்த உணரி.

இதன் வேர் ஒரு ஜெல்லிமீனில் இருக்கிறது. 1961 கோடையில் ஒசாமு ஷிமோமுரா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஜான்சனோடு அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஃப்ரைடே ஹார்பருக்குப் போய், ஆயிரக்கணக்கான ஏக்வோரியா ஜெல்லிமீன்களைப் பிடித்து அவற்றின் ஒளிரும் விளிம்பை வெட்டிப் பிழிந்தார். அவர் தேடியது நீல ஒளி தரும் இன்னொரு புரதத்தை. கூடவே கிடைத்ததுதான் பச்சை ஒளிர்புரதம், ஆய்வகப் பேச்சில் ஜிஎஃப்பி. 1962-இல் வெளியான கட்டுரையில் அது ஓரமாகத்தான் குறிப்பிடப்பட்டது. 1992-இல் டக்ளஸ் பிராஷர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதை பாக்டீரியாவிலும் ஒரு சிறு புழுவின் நரம்பு செல்களிலும் வைத்து ஒளிர வைத்தார். 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, சால்ஃபிக்கும் சியெனுக்கும் மரபணுவை அனுப்பிக் கொடுத்த பிராஷர் ஆராய்ச்சிப் பணம் நின்றுபோனதால் துறையை விட்டே விலகியிருந்தார். அலபாமாவில் ஒரு கார் விற்பனையகத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் அன்று மரபணு இருந்த சோதனைக் குழாயை அந்த இரண்டு பேருக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் இந்தத் துறை பல ஆண்டுகள் தள்ளிப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஜிஎஃப்பி 238 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம். பதினொரு இழைகள் சேர்ந்து பீப்பாய் வடிவில் சுற்றி நிற்கின்றன. பீப்பாயின் நடுவில் 65, 66, 67 ஆகிய இடங்களில் இருக்கும் மூன்று அமினோ அமிலங்கள் தமக்குள் வினைபுரிந்து, ஒளியை உறிஞ்சி வேறு நிறத்தில் உமிழும் குழுவாக மாறுகின்றன. இதற்கு வெளியிலிருந்து எந்த நொதியும் வேண்டாம், ஆக்சிஜன் மட்டும் போதும். மரபணுவை ஒரு செல்லுக்குள் கொடுத்துவிட்டால் செல் தானே புரதத்தைச் செய்துகொள்ளும், புரதம் தானே ஒளிரத் தொடங்கும். சாயத்தை உள்ளே செலுத்தும் தொல்லை இல்லை.

சியென் இந்த மூன்று இடங்களிலும் அவற்றைச் சுற்றியும் அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்தார். 66-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் வைத்தால் நீலம், டிரிப்டோஃபான் வைத்தால் இளநீலம். 1996-இல் ஜிஎஃப்பியைப் படிகமாக்கிக் கண்டறிந்த முப்பரிமாண அமைப்பு வெளியானபோது, 203-ஆம் இடத்தில் டைரோசின் வைத்தால் நிறம் மஞ்சளை நோக்கி நகரும் என்று அமைப்பைப் பார்த்தே கணித்தார்கள், நகர்ந்தது. அழகான நிறங்கள் கிடைத்ததோடு கதை முடியவில்லை. இரண்டு நிறங்கள் கையில் இருந்தால் அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கலாம்.

ஜெர்மனியின் தியோடர் ஃபோர்ஸ்டர் 1948-இல் கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது. ஒளியை உறிஞ்சிய ஒரு மூலக்கூறு, மிக அருகில் பொருத்தமான இன்னொரு மூலக்கூறு இருந்தால், தான் ஒளியை உமிழாமலே ஆற்றலை அதற்குக் கைமாற்றிவிடும். பிறகு இரண்டாவது மூலக்கூறு தன் நிறத்தில் ஒளிரும். ஆய்வகங்களில் இதற்கு ஃப்ரெட் என்று பெயர். தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதமாக இது குறைகிறது. இளநீல, மஞ்சள் புரத ஜோடிக்குச் சுமார் 5 நானோமீட்டர் தூரத்தில் பாதி ஆற்றல் கைமாறும், 10 நானோமீட்டர் தள்ளிப்போனால் ஒன்றரை சதவீதம்கூட மிஞ்சுவது கடினம். ஒரு புரதம் மடங்கி விரியும் தூரமும் ஏறக்குறைய இதே அளவுதான். அதனால் ஒரு மூலக்கூறு மடங்குவதையும் அறுபடுவதையும் நுண்நோக்கியில் நிறமாற்றமாகப் பார்க்க முடிகிறது.

இதில் மிக எளியது அறுபடும் வகை. 1996-இல் சியென் குழுவும் இன்னொரு குழுவும் தனித்தனியாக நீலப் புரதத்தையும் பச்சைப் புரதத்தையும் ஒரு சிறு இணைப்பால் தொடுத்து, அந்த இணைப்பைப் புரதம் வெட்டும் நொதியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வெட்டுப்பட்டதும் ஆற்றல் கைமாறுவது நின்றது. 1998 வாக்கில் அந்த இணைப்பில் அஸ்பார்டேட், குளுட்டமேட், வாலின், அஸ்பார்டேட் என்ற நான்கு அமினோ அமில வரிசையை வைத்தார்கள். காஸ்பேஸ்-3 தேடிவந்து வெட்டும் வரிசை இது.

நுண்நோக்கியில் இது எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய் செல்களான ஹீலா செல்கள், இளநீலமும் மஞ்சளும் கொண்ட உணரியோடு, கண்ணாடித் தட்டின் அடியில் படிந்து பரவிக் கிடக்கின்றன. இளநீலப் புரதத்துக்கு ஏற்ற ஊதா நீல ஒளியை மட்டும் அனுப்பி, ஒரே நேரத்தில் இரண்டு படம் எடுக்கிறார்கள்: ஒன்று இளநீல வடிகட்டி வழியாக, இன்னொன்று மஞ்சள் வடிகட்டி வழியாக. இரண்டையும் புள்ளிக்குப் புள்ளி வகுத்து, வகுத்து வந்த எண்ணுக்கு ஒரு நிறம் கொடுத்தால் செல் முழுக்க ஒரே நிறத்தில் தெரியும். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆனாலும் ஒன்றும் நடக்காது. மூன்று மணி நேரம் ஆகியும் பல செல்கள் அப்படியே இருக்கும். திடீரென்று ஒரு செல்லின் நிறம் மாறத் தொடங்கும், சில நிமிடங்களில் முழுதாக மாறி முடியும். அதை ஒட்டியே அந்தச் செல் சுருங்கும், மேற்பரப்பில் கொப்புளங்கள் கிளம்பும். பக்கத்தில் இருக்கும் செல்லோ எதுவும் நடக்காததுபோல் இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கும்.

வகுத்துப் பார்ப்பது ஏன் என்று கேட்கலாம். ஒரு செல் தடிப்பாக இருக்கும், இன்னொன்று மெல்லிதாக. ஒன்றில் உணரி அதிகம், இன்னொன்றில் குறைவு. செல் அசைந்தால் வெளிச்சம் மாறும். ஒரே நிறத்தின் பிரகாசத்தை மட்டும் நம்பினால் இவை எல்லாம் நொதியின் செயலாகத் தோன்றிவிடும். இரண்டு நிறமும் ஒரே மூலக்கூறிலிருந்து வருவதால் விகிதம் எடுக்கும்போது இந்தக் குழப்பங்கள் பெருமளவு கழிந்துவிடும்.

2002-இல் மார்க்குஸ் ரேமும் அவர் சகாக்களும் மூன்று வகை மரண மருந்துகளை வைத்து இதை முறையாக அளந்தார்கள். எந்த மருந்தானாலும், எத்தனை மணி நேரம் கழித்து ஆரம்பித்தாலும், ஆரம்பித்துவிட்டால் காஸ்பேஸின் வேலை சுமார் 10 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பல மணி நேரம் நீளும் அந்த மெதுவான வரைபடத்தில் தெரிந்ததெல்லாம் செல்லுக்குச் செல் ஆரம்ப நேரத்தில் இருந்த வேறுபாடு மட்டுமே. செல் பாதி சாவதில்லை. ஒரு வாசல் தாண்டும் வரை தாக்குப்பிடிக்கிறது, தாண்டியதும் திரும்புவதில்லை.

அப்படியானால் ஆரம்ப நேரம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? மரபணுவில் ஒன்றாக இருக்கும் செல்கள்தானே? ஹார்வர்டில் பீட்டர் சோர்கரின் குழு 2009-இல் இதற்கு நல்ல விடை ஒன்று கொண்டுவந்தது. ஒரே தாய் செல்லிலிருந்து பிரிந்த இரண்டு சகோதரச் செல்களை டிரெயில் என்ற மரணச் சைகைக்கு உட்படுத்தினார்கள். பிரிந்து சிறிது நேரமே ஆன சகோதரிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செத்தார்கள். பிரிந்து நேரம் ஆக ஆக அந்த ஒற்றுமை மறைந்துபோனது. பிரியும்போது இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு புரதங்கள் பங்காகக் கிடைக்கின்றன. பிறகு புரத உற்பத்தி இருவருக்குள்ளும் தற்செயலாக வெவ்வேறு திசையில் போகிறது. புற்றுநோய் மருந்துக்கு ஒரு கட்டியில் பெரும்பாலான செல்கள் செத்து, சில மட்டும் மரபணு மாற்றம் எதுவும் இல்லாமலே பிழைத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். செல்களை உடைத்துக் கலக்கியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

வெட்டும் நொதியைப் பிடிப்பது எளிது, ஏனென்றால் வெட்டு ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். கைனேஸ் அப்படியில்லை. பாஸ்பேட்டை ஒட்டுவது ஒரு நொதி, எடுப்பது இன்னொன்று. உணரி இரண்டு பக்கமும் ஆட வேண்டும்.

2001-இல் ஜின் ஜாங், சூசன் டெய்லர், சியென் ஆகியோர் புரத கைனேஸ் ஏ என்ற நொதிக்கு ஒரு உணரி செய்தார்கள், பெயர் அகார். அட்ரினலின் போன்ற ஹார்மோன்களின் செய்தியை செல்லுக்குள் செயலாக மாற்றும் கைனேஸ் இது. அகாரின் அமைப்பைக் கவனித்தால் சிந்தனையின் நேர்த்தி தெரியும். ஒரு முனையில் இளநீலப் புரதம், மறுமுனையில் மஞ்சள் புரதம். நடுவில் இரண்டு துண்டுகள்: ஒன்று அந்தக் கைனேஸ் பாஸ்பேட் ஒட்டும் வரிசை, இன்னொன்று பாஸ்பேட் ஒட்டிய வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம். கைனேஸ் விழித்ததும் பாஸ்பேட் ஏறும், பிடிக்கும் துண்டு அதைக் கவ்வும், மூலக்கூறு மடங்கும், நிறங்கள் நெருங்கும், மஞ்சள் கூடும்.

முதல் அகாரில் ஒரு குறை இருந்தது. பிடிக்கும் துண்டாக வைத்த 14-3-3 என்ற புரதம் மிக இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. பாஸ்பேட்டை எடுக்க வரும் பாஸ்பட்டேஸ் நொதிக்கு இடமே கிடைக்கவில்லை. கைனேஸ் அடங்கிய பிறகும் உணரி அது இன்னும் விழித்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. 2005-இல் 14-3-3-ஐ எடுத்துவிட்டு, ஈஸ்டின் ஒரு புரதத்திலிருந்து பாஸ்பேட்டைத் தளர்வாகப் பிடிக்கும் துண்டை வைத்தார்கள். இப்போது உணரி ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது. இந்த இரண்டாவது அகாரைக் கொழுப்பு செல்களுக்குள் வைத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே இன்சுலின் கொடுக்கப்பட்ட செல்களில் அட்ரினலின் வகைச் சைகைக்கு அந்தக் கைனேஸ் எழுந்துவரும் விதமே குலைந்துபோவது தெரிந்தது. உணவுக்குப் பின் வரும் ஹார்மோனும் அவசரத்தில் வரும் ஹார்மோனும் ஒரே செல்லுக்குள் ஒன்றின் வழியை ஒன்று மறிப்பதை நேரில் பார்த்தார்கள்.

இறுக்கமாகப் பிடிப்பதுதான் நல்லது என்று யாருக்கும் முதலில் தோன்றும். உணரி செய்பவர்களுக்கு இந்தப் பாடம் மிகவும் முக்கியமானது: எது அதிகமாக ஒளிர்கிறது என்பதைவிட எது உண்மையைப் பின்தொடர்கிறது என்பதே அளவுகோல்.

எர்க் என்ற கைனேஸுக்கான உணரியில் தலைகீழான பாடம் ஒன்று கிடைத்தது. செல் பெருகுவதா வேண்டாமா என்பதில் முக்கியப் பங்கு வகிக்கும் நொதி இது. பல புற்றுநோய்களில் இதன் பாதை கோளாறாகியிருக்கும். தொடக்கத்தில் செய்த உணரிகளின் மாற்றம் மிகச் சிறியதாக இருந்தது. கியோட்டோவில் மிச்சியுகி மட்சுடாவின் குழு 2011-இல் நடுவில் மிக நீண்ட, நெகிழ்வான இணைப்பை வைத்தது. பாஸ்பேட் இல்லாதபோது இரண்டு நிறங்களும் நன்றாக விலகி நிற்கும், அதனால் மடங்கும்போது தெரியும் வித்தியாசம் பெரிதானது. அந்த உணரியை வைத்து 2013-இல் பார்த்தபோது, எர்க் நிலையாக எரியாமல் துடிப்புத் துடிப்பாக எழுந்து அடங்குவது தெரிந்தது. வளர்ச்சிச் சைகையின் அளவைக் கூட்டினால் துடிப்புகள் அடிக்கடி வந்தன. 2015-இல் அதே குழு, உணரி சுமந்த எலிகளின் காதுத் தோலில், ஒரு செல்லில் எழுந்த எர்க் துடிப்பு சுற்றியுள்ள செல்களுக்கு வட்டமாகப் பரவுவதைப் படம் பிடித்தது. காயத்தின் ஓரத்திலிருந்து அது அலையாகக் கிளம்பியது.

அந்த எலிகளை உருவாக்குவதே பெரும்பாடு. இளநீலப் புரதமும் மஞ்சள் புரதமும் ஒரே ஜெல்லிமீன் மரபணுவின் திரிபுகள் என்பதால் அவற்றின் டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றுதான். ஒத்த வரிசைகள் தமக்குள் இடம் மாற்றிக்கொண்டு உணரியைக் கெடுத்துவிடும். மரபணுவை உள்ளே செலுத்த வேறு வழியைக் கையாண்ட பிறகுதான் நிலையான எலிகள் கிடைத்தன.

ஃப்ரெட் உணரி ஒன்றுக்கு இரண்டு நிறம் தேவை. அப்படியானால் இரண்டு மூன்று நொதிகளை ஒரே செல்லில் சேர்த்துப் பார்ப்பது எப்படி? 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க்கஸ் கோவர்ட்டின் குழு ஃப்ரெட்டையே கைவிட்டது. பாஸ்பேட் ஏறினால் செல்லின் உட்கருவிலிருந்து வெளியேறும், இறங்கினால் உள்ளே திரும்பும் ஒரு புரதத்தை வடிவமைத்து, அதன்மேல் ஒரே ஒரு நிறத்தை ஒட்டினார்கள். உட்கரு பிரகாசமா, வெளிப்புறம் பிரகாசமா என்று பார்த்தால் போதும். வேகத்தில் இது ஃப்ரெட்டுக்கு ஈடாகாது, ஏனென்றால் புரதம் உட்கருவைக் கடக்க நேரம் எடுக்கும். ஆனால் சாதாரண நுண்நோக்கியிலேயே பல நொதிகளைச் சேர்த்துப் பார்க்க முடிவதால் பல ஆய்வகங்களுக்கு இதுவே கைவந்த வழியாகிவிட்டது. வெட்டுப்படும் வரை இருட்டாக இருந்து, வெட்டுப்பட்டதும் ஒளிரும் ஒற்றைப் புரத உணரிகளும் காஸ்பேஸுக்காக வந்துவிட்டன.

இந்தப் படங்கள் கண்ணைப் பறிப்பவை. அதனாலேயே எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியவை. கைனேஸ் உணரி காட்டுவது கைனேஸின் செயலை மட்டுமல்ல, கைனேஸுக்கும் பாஸ்பட்டேஸுக்கும் இடையிலுள்ள சமநிலையை. நிறம் மாறினால் கைனேஸ் எழுந்திருக்கலாம், அல்லது பாஸ்பட்டேஸ் அடங்கியிருக்கலாம். அடுத்தது, மஞ்சள் புரதத்தின் பழைய வடிவங்கள் அமிலத்தன்மைக்கும் குளோரைடுக்கும் மங்கும். செல்லின் அமிலத்தன்மை சற்று ஏறினாலே நொதியின் செயல் மாறியதுபோல ஒரு விகித மாற்றம் வந்துவிடும். இதற்காகவே, பாஸ்பேட் ஒட்டும் அந்த ஒரு அமினோ அமிலத்தை மட்டும் அலனினாக மாற்றிய செயலற்ற உணரியைக் கூடவே ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதுவும் நிறம் மாறினால் பார்த்தது நொதியை அல்ல. இந்த ஒப்பீட்டைக் காட்டாத கட்டுரையை நான் நம்பமாட்டேன். மூன்றாவதாக, செல்லுக்குள் உணரியைக் கொட்டி நிரப்பினால் நொதி தன் இயல்பான வேலையை விட்டு உணரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். பார்க்கப்போன நிகழ்வே பார்த்ததால் மாறிவிடும்.

இவ்வளவு கவனத்தோடு செய்தால் நோயாளிக்கு அருகிலும் இதைக் கொண்டுபோக முடியும். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் பிசிஆர்-ஏபிஎல் என்ற கைனேஸ் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். அதை அடக்கும் இமாட்டினிப் மருந்து 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. 2010-இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தக் கைனேஸின் இயல்பான இலக்குகளில் ஒன்றான கிரிக்-எல் புரதத்தை இரண்டு நிறங்களுக்கு நடுவே வைத்து ஒரு உணரி செய்து, நோயாளிகளின் செல்களுக்குள் அதைக் கொடுத்து, மருந்தை விட்டு, ஒவ்வொரு செல்லிலும் கைனேஸ் அடங்குகிறதா என்று பார்த்தார்கள். மருந்துக்கு மசியாத செல்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகக் கலந்திருந்தாலும் அவை தனியே நிறம் மாறாமல் நின்று காட்டிக்கொடுத்தன.